'ஹேவ்' எங்கே, 'டிட்' எங்கே: ஏற்காட்டு ரிசப்ஷன் மேசைக்கு ஆங்கில டென்ஸ்

கேள்வி இது: "டிகிரி முடித்துவிட்டு ஏற்காட்டில் ஒரு விடுதியில் ரிசப்ஷனில் இருக்கிறேன். பன்னிரண்டு டென்ஸும் அட்டவணையோடு மனப்பாடம். ஆனால் பெங்களூர்க்காரரோ வெளிநாட்டுக்காரரோ எதிரில் வந்து நின்றால், 'ஹேவ்' போடுவதா 'டிட்' போடுவதா என்று வாய் நின்றுவிடுகிறது. நடைமுறையில் எதை எங்கே சொல்கிறார்கள்?"

அந்த அட்டவணையிலிருந்தே தொடங்கலாம். மூன்று காலம், ஒவ்வொன்றுக்கும் நான்கு வகை, ஆக 12. தேர்வு எழுத வசதியான ஏற்பாடு. ஆனால் ஆங்கில வினைச்சொல் தன் உருவத்தை மாற்றிக் காட்டும் காலம் இரண்டே இரண்டு: 'வொர்க்', 'வொர்க்ட்'. எதிர்காலத்துக்கென்று தனி விகுதி கிடையாது. மற்றதெல்லாம் 'பி', 'ஹேவ்', 'வில்' ஆகிய துணைவினைகளைச் சேர்த்து ஒப்பேற்றுவது. அன்றாடப் பேச்சின் பெரும்பகுதியை சிம்பிள் பிரசன்ட்டும் சிம்பிள் பாஸ்ட்டும் சுமக்கின்றன. கூடவே பிரசன்ட் கன்டினியூஸ், பிரசன்ட் பெர்ஃபெக்ட், 'வில்' இருந்தால் உங்கள் மேசையில் ஒரு நாள் தாராளமாக ஓடும். ஃபியூச்சர் பெர்ஃபெக்ட் கன்டினியூஸை வருஷம் முழுக்க வாயில் எடுக்காவிட்டாலும் எந்த விருந்தினரும் குறை சொல்லப்போவதில்லை.

வாய் நிற்பதற்குக் காரணம் வேறு. மனசுக்குள் ஓடும் தமிழ் வாக்கியத்தின் கடைசிச் சொல்லைப் பார்த்து, அதற்கு ஜோடியாகத் தெரியும் ஆங்கிலத் துணைவினையை எடுத்துவிடுகிறோம். "வந்திருக்கிறார்" என்றால் 'ஹேஸ்'. "வந்திருந்தார்" என்றால் 'ஹேட்'. "செய்துகொண்டிருக்கிறேன்" என்றால் 'ஆம் டூயிங்'. "வருவார்" என்றால் 'வில்'. பல நேரம் இது சரியாகவே வரும், அதனால்தான் பழக்கம் விடுவதில்லை. கவிழும் இடங்கள் சில உண்டு. அவற்றை மட்டும் தனியாகப் பார்த்துக்கொண்டால் போதும்.

அதிகம் கவிழ்வது 'ஹேவ்'. "அவர் நேற்றே வந்திருக்கிறார்" என்பது தமிழில் முழுக்கச் சரி. அதையே 'ஹி ஹேஸ் கம் யெஸ்டர்டே' என்றால் தவறு. முடிந்துபோன நேரத்தைக் காட்டும் சொல் எதுவும் 'ஹேவ்' வாக்கியத்துக்குள் வராது. 'யெஸ்டர்டே', 'லாஸ்ட் வீக்', 'டூ டேஸ் அகோ', 'இன் 2021' இவற்றில் ஒன்று வந்தால் 'ஹேவ்' வெளியே போய்விட வேண்டும்: 'ஹி கேம் யெஸ்டர்டே'. "எப்போது?" என்று கேட்கும்போதும் இதே கதைதான். 'வென் ஹேவ் யு புக்ட்?' என்று கேட்காதீர்கள். 'வென் டிட் யு புக்?' என்று கேளுங்கள்.

அப்படியானால் 'ஹேவ்' எதற்கு? நடந்தது எப்போது என்பது முக்கியமில்லாமல், அதனால் இப்போது என்ன நிலை என்பதுதான் செய்தி என்றால் 'ஹேவ்'. மலையில் கரன்ட் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். விருந்தினர் இருட்டில் இறங்கி வந்து நிற்கிறார். நீங்கள் சொல்ல வேண்டியது: 'தி பவர் ஹேஸ் கான் அவுட்.' அவர் எப்போது, ஏன் என்கிறார். உடனே 'ஹேஸ்' விலகிவிடும்: 'இட் வென்ட் அவுட் அட் எய்ட். எ ட்ரீ ஃபெல் ஆன் தி லைன்.' அடுத்து மறுபடி இப்போதைய நிலை: 'வீ ஹேவ் இன்ஃபார்ம்ட் தி ஈ.பி. ஆஃபீஸ்.' ஆங்கிலம் தாய்மொழியாக இருப்பவர்கள் பேச்சைக் கவனித்தால் இந்த ஓட்டம் திரும்பத் திரும்பக் கேட்கும். செய்தியை 'ஹேவ்' கொண்டு திறப்பார்கள். விவரத்துக்குள் இறங்கியதும் பாஸ்ட்டுக்கு மாறிவிடுவார்கள். எத்தனை மணிக்கு, எந்த வளைவில், யார் சொன்னது என்பதெல்லாம் பாஸ்ட்தான். ஒரே உரையாடலில் இரண்டும் கலந்து வருவதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம்.

நேரம் இன்னும் முடியவில்லை என்றாலும் 'ஹேவ்' வரும். காலை பத்து மணிக்கு 'ஹேவ் யு ஹேட் பிரேக்ஃபாஸ்ட்?' என்று கேட்கலாம், டைனிங் ஹால் இன்னும் திறந்திருக்கிறது. மாலையில் அதே கேள்வி 'டிட் யு ஹேவ் பிரேக்ஃபாஸ்ட்?' ஆகிவிடும். அமெரிக்கர்கள் இதில் கொஞ்சம் தாராளம். 'டிட் யு ஈட் யெட்?', 'ஐ ஜஸ்ட் செக்ட் அவுட்' என்று 'யெட்', 'ஜஸ்ட்', 'ஆல்ரெடி'யோடும் பாஸ்ட்டையே போடுவார்கள். அது தப்பு அல்ல, அவர்கள் வழக்கம். பிரிட்டிஷ்காரர் அங்கே 'ஹேவ்' போடுவார்.

உங்கள் வேலைக்கு நேரடியாக வேண்டிய ஒரு ஜோடி: 'கான்', 'பீன்'. "போயிருக்கிறார்" என்ற ஒன்றே தமிழில் இரண்டுக்கும் போதும். ஆங்கிலத்தில் 'ஹி ஹேஸ் கான் டு பகோடா பாயின்ட்' என்றால் ஆள் இன்னும் திரும்பவில்லை. 'ஹி ஹேஸ் பீன் டு பகோடா பாயின்ட்' என்றால் பார்த்துவிட்டு வந்தாயிற்று. எதிரில் நிற்பவரிடம் லேடிஸ் சீட் பார்த்தாயிற்றா என்று கேட்க வேண்டுமானால் 'ஹேவ் யு பீன் டு லேடிஸ் சீட்?' மட்டுமே சரி. 'ஹேவ் யு கான்?' என்றால் அவர் இப்போதும் அங்கேதான் இருப்பதாக ஆகும்.

தமிழின் "இருக்கு" இன்னொரு வேலையும் செய்கிறது, அதை யாரும் சொல்லித்தருவதில்லை. காலையில் முற்றம் ஈரமாக இருப்பதைப் பார்த்து "ராத்திரி மழை பெஞ்சிருக்கு" என்கிறோம். நாம் பார்க்கவில்லை, ஊகம். இதை 'இட் ஹேஸ் ரெயின்ட் லாஸ்ட் நைட்' என்று மாற்ற முடியாது, 'லாஸ்ட் நைட்' இடம் தராது. 'இட் ரெயின்ட் லாஸ்ட் நைட்' என்றால் உறுதியாகத் தெரியும் என்று பொருள். ஊகத்துக்கு ஆங்கிலம் தனியாக ஒரு சொல்லைக் கேட்கும்: 'இட் மஸ்ட் ஹேவ் ரெயின்ட் லாஸ்ட் நைட்.' 'மஸ்ட்', 'மைட்' பின்னால் வரும் 'ஹேவ்'வுக்கு மட்டும் 'லாஸ்ட் நைட்' தடையில்லை. விருந்தினர் தொலைத்த பொருளைப் பற்றிப் பேசும்போது இந்த வித்தியாசம் பெரிது. 'யு லெஃப்ட் இட் இன் தி கேப்' என்றால் குற்றம் சாட்டுவது போல இருக்கும். 'யு மைட் ஹேவ் லெஃப்ட் இட் இன் தி கேப்' என்றால் பிரச்சினை இல்லை.

'ஹேட்' பற்றி ஒரே அறிவுரை: குறையுங்கள். "போன வாரம் ஒரு குடும்பம் வந்திருந்தாங்க" என்பதை 'எ ஃபேமிலி ஹேட் கம் லாஸ்ட் வீக்' ஆக்குவது சேலம் ஆபீஸ்களில் எழுதும் மெயில்களில் அடிக்கடி கண்ணில் படும். 'எ ஃபேமிலி கேம் லாஸ்ட் வீக்' போதும். 'ஹேட்' வர வேண்டுமானால் கதையில் ஏற்கனவே இன்னொரு இறந்தகாலம் இருக்க வேண்டும், இது அதற்கும் முன்னால் நடந்திருக்க வேண்டும். 'வென் வீ ரீச்ட் தி லேக், தி போட் ஹவுஸ் ஹேட் க்ளோஸ்ட்' என்றால் போவதற்கு முன்பே மூடிவிட்டார்கள். 'வென் வீ ரீச்ட் தி லேக், தி போட் ஹவுஸ் க்ளோஸ்ட்' என்றால் இவர்கள் போய்ச் சேர்ந்ததும் மூடினார்கள் என்று வரும், இவர்களைப் பார்த்துத்தான் மூடினார்களோ என்றுகூட. அந்த ஓர் இடத்தில் 'ஹேட்' சம்பாதித்துச் சாப்பிடுகிறது. மற்ற இடங்களில் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

அடுத்தது, தொடங்கி இன்னும் நடக்கும் விஷயங்கள். "மூணு வருஷமா இங்க வேலை செய்யறேன்" என்பதில் தமிழ் வெறும் நிகழ்காலத்தைப் போடுகிறது. அதனால் 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் ஸின்ஸ் த்ரீ யியர்ஸ்' என்று வருகிறது. இதில் பிழை இரண்டு. ஆங்கிலம் இங்கே கட்டாயமாக 'ஹேவ்' கேட்கும். 'ஸின்ஸ்' கால அளவோடு சேராது. 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ யியர்ஸ்.' 'ஃபார்' அளவுக்கு, 'ஸின்ஸ்' தொடங்கிய புள்ளிக்கு: 'ஸின்ஸ் 2022', 'ஸின்ஸ் பொங்கல்', 'ஸின்ஸ் மண்டே'. இன்டர்வியூவில் இது விளையாட்டல்ல. இப்போதும் இருக்கும் வேலையைப் பற்றி 'ஐ வொர்க்ட் தேர் ஃபார் த்ரீ யியர்ஸ்' என்றால் விட்டுவிட்டு வந்துவிட்டதாகத்தான் எதிரில் இருப்பவர் எழுதிக்கொள்வார். படிப்புக்கு இதன் மறுபக்கம்: 'ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2021' என்று பயோடேட்டாவில் எழுதுகிறார்கள். வருஷம் போட்டால் 'ஐ கம்ப்ளீட்டட்'. வருஷம் போடாவிட்டால் 'ஐ ஹேவ் கம்ப்ளீட்டட்' சரி.

இதே இடத்தில் விருந்தினரிடம் கேட்கும் ஒரு கேள்வி தலைகீழாகிவிடும். எத்தனை நாளாக இங்கே இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள நினைத்து 'ஹவ் லாங் ஆர் யு ஹியர் ஃபார்?' என்று கேட்டால், அவர் "ஞாயிற்றுக்கிழமை வரை" என்பார். அந்தக் கேள்வி மொத்தம் எத்தனை நாள் தங்குவார் என்பதற்கு. வந்து எத்தனை நாள் என்பதற்கு 'ஹவ் லாங் ஹேவ் யு பீன் ஹியர்?'

'இங்' விஷயம். 'நோ' (தெரிதல்), 'அண்டர்ஸ்டாண்ட்', 'வாண்ட்', 'லைக்', 'பிலாங்', உடைமைப் பொருளில் 'ஹேவ்' ஆகியவை செயல் அல்ல, நிலை. 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்', 'ஐ ஆம் நாட் நோயிங்' என்பவை வெளியூர் காதில் உடனே விழும். ஆனால் 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' சரி, அது சாப்பிடும் செயல். நம்மூரில் பலரும் கவனிக்காத ஒன்று 'ஸ்டே'. "எங்க ஸ்டே பண்றீங்க?" என்று நாம் வீட்டைத்தான் கேட்கிறோம். 'ஐ ஆம் ஸ்டேயிங் இன் அஸ்தம்பட்டி' என்றால் வெளிநாட்டுக்காரர் காதில் ஏதோ லாட்ஜில் தற்காலிகமாகத் தங்கியிருப்பதாக விழும். சொந்த ஊர், வீடு என்றால் 'ஐ லிவ் இன் அஸ்தம்பட்டி'. ஹாஸ்டல், வாடகை அறை, ஆறு மாத டிரெயினிங் என்றால் 'ஐ ஆம் லிவிங்' அல்லது 'ஸ்டேயிங்'. சிம்பிள் என்றால் நிரந்தரம், 'இங்' என்றால் இப்போதைக்கு. இந்த ஒரு கோடு பல சந்தேகத்தைத் தீர்க்கும்.

இனி 'வில்'. எஸ்டேட் சுற்றிக்காட்டும்போது இது சரமாரியாக வந்து விழும். தமிழில் "மார்ச், ஏப்ரல்ல மழை பெஞ்சா காபி பூக்கும், நவம்பர்லேர்ந்து பழம் பறிப்பாங்க, தோல் எடுப்பாங்க, காய வைப்பாங்க" என்று எதிர்கால விகுதியில்தான் வழக்கத்தைச் சொல்கிறோம். அதை வரிக்கு வரி 'வில்' போட்டுச் சொன்னால், இந்தத் தோட்டத்தில் இனிமேல்தான் முதல் முறையாக இதெல்லாம் நடக்கப்போகிறது என்பது போல ஆகிவிடும். வழக்கத்துக்கும் இயற்கையின் நடப்புக்கும் ஆங்கிலத்தில் சிம்பிள் பிரசன்ட்: 'காபி ஃப்ளவர்ஸ் ஆஃப்டர் தி சம்மர் ஷவர்ஸ். வீ பிக் தி பெரீஸ் ஃப்ரம் நவம்பர். தி பீன்ஸ் ஆர் ட்ரைட் இன் தி சன். பெப்பர் க்ளைம்ப்ஸ் ஆன் தி சில்வர் ஓக்.' யார் செய்கிறார் என்பது முக்கியமில்லாத இடத்தில் 'ஆர் ட்ரைட்' போல பேசிவ் போடலாம், நன்றாகவே ஒலிக்கும். அதற்கு நடுவில் வரலாறு வந்தால் பாஸ்ட்டுக்குத் தாவுங்கள். சேர்வராயன் மலைக்கு 1820களில் காபியைக் கொண்டுவந்தவர் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன்: 'காக்பர்ன் ப்ராட் காபி ஹியர் இன் தி எய்ட்டீன் ட்வென்ட்டீஸ்.' 'ஹேஸ் ப்ராட்' வராது. திரும்பவும் இன்றைக்கு: 'நவ் இட் க்ரோஸ் ஆல் ஓவர் தி ஹில்ஸ்.' வருஷா வருஷம் வரும் வாடிக்கையாளரும் இதே கணக்கு. "மே மாசம் வருவார்" என்றால் 'ஹி கம்ஸ் எவ்ரி மே.'

எதிர்காலத்துக்கு நான்கு வழிகள் புழக்கத்தில் உண்டு. பேசும் அந்த நொடியில் முடிவெடுத்தால் 'வில்'. "குழாயில் வெந்நீர் வரவில்லை" என்று போன் வருகிறது: 'ஐ வில் செண்ட் சம்ஒன் ரைட் அவே.' முன்பே முடிவு செய்தது, அல்லது அறிகுறி கண்முன் தெரிவது என்றால் 'கோயிங் டு'. மூடுபனி இறங்கி மேகம் கறுத்திருந்தால் 'இட் இஸ் கோயிங் டு ரெயின்.' ஆள், நாள், நேரம் பேசி முடித்த ஏற்பாட்டுக்குப் பிரசன்ட் கன்டினியூஸ்: 'தி ப்ளம்பர் இஸ் கமிங் டுமாரோ.' கால அட்டவணைக்கு சிம்பிள் பிரசன்ட்: 'தி லாஸ்ட் பஸ் டு சேலம் லீவ்ஸ் அட் எய்ட்.' இதில் கடைசியை 'வில் லீவ்' என்றாலும் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் பிளம்பருக்கு 'வில் கம்' என்றால் அது வெறும் நம்பிக்கையாகக் கேட்கும். 'இஸ் கமிங்' என்றால் ஏற்பாடு ஆகிவிட்டது என்று கேட்கும். விருந்தினர் எதைக் கேட்க விரும்புவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

'இஃப்', 'வென்', 'ஆஃப்டர்', 'அண்டில்', 'ஆஸ் ஸூன் ஆஸ்' தொடங்கும் பகுதியில், எதிர்காலத்தைச் சொன்னாலும் 'வில்' வராது. 'வென் தி கேப் வில் கம், ஐ வில் கால் யு' தவறு. 'வென் தி கேப் கம்ஸ், ஐ வில் கால் யு.' முதல் பாதியில் பிரசன்ட், இரண்டாம் பாதியில் மட்டும் 'வில்'.

போனில் "இதோ வந்துட்டேன்" என்கிறோமே, ஆள் இன்னும் சேலம் ஐந்து ரோடு சந்திப்பையே தாண்டியிருக்க மாட்டார். தமிழுக்கு அது உரிமை. ஆங்கிலத்தில் 'ஐ ஹேவ் கம்' என்றால் எதிர்முனையில் இருப்பவர் வாசலுக்கு வந்து தேடுவார். வரும் வழியில் என்றால் 'ஐ ஆம் ஆன் மை வே.' சாப்பாடு "ரெடி ஆயிடுச்சு, அஞ்சு நிமிஷம்" என்பதும் அப்படித்தான்: 'இட் வில் பி ரெடி இன் ஃபைவ் மினிட்ஸ்.'

இனி வாய் சம்பந்தப்பட்டது. 'டிட்' வந்தால் வினை அடிவடிவத்துக்குத் திரும்ப வேண்டும். 'டிட் யு வென்ட்?', 'ஐ டிட் நாட் டுக்' என்பது ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு முறை காசு கொடுப்பது. 'டிட் யு கோ?', 'ஐ டிட் நாட் டேக்.' பாஸ்ட் விகுதியின் உச்சரிப்பில் மூன்று விதம். 'வாஷ்ட்', 'புக்ட்' போன்றவற்றில் வல்லொலி (t). 'கால்ட்', 'க்ளீன்ட்' போன்றவற்றில் மெல்ல ஒலிக்கும் (d). 'வெயிட்டட்', 'நீடட்' என்று, அடிவடிவமே t, d ஒலியில் முடியும் வினைகளுக்கு மட்டும் கூடுதலாக ஓர் அசை. எல்லாவற்றுக்கும் 'குக்கெட்', 'வாஷெட்' என்று அசை கூட்ட வேண்டாம். அதைவிட மோசம் கடைசி ஒலியை விழுங்குவது. 'ஐ புக் எ கேப் ஃபார் யு' என்று காதில் விழுந்தால், புக் செய்துவிட்டீர்களா, இனிமேல் செய்வீர்களா என்று அவருக்குத் தெரியாது.

அவர்கள் பேசுவதைக் கேட்பதிலும் சிக்கல் உண்டு. 'ஐ ஹேவ்' என்பது 'ஐவ்' ஆகிவிடும், வேகத்தில் அந்த 'வ்'வும் காணாமல் போகும். 'ஷீஸ்' என்பது 'ஷி இஸ்' ஆகவும் இருக்கலாம், 'ஷி ஹேஸ்' ஆகவும் இருக்கலாம். அடுத்து 'லீவிங்' வந்தால் முன்னது, 'லெஃப்ட்' வந்தால் பின்னது. இன்னொன்று, மரியாதைக்காகப் போடும் பாஸ்ட். 'ஐ வாஸ் ஹோப்பிங் டு கெட் எ லேட் செக்அவுட்' என்று ஒருவர் சொன்னால், முன்பு ஆசைப்பட்டார், இப்போது விட்டுவிட்டார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இப்போதுதான் கேட்கிறார், பணிவாகக் கேட்கிறார். நீங்களும் 'வாட் வாஸ் யுவர் நேம், சார்?' என்று கேட்கலாம்.

பழகுவதற்கு டியூஷன் வேண்டியதில்லை, ஷிஃப்ட் மாறும்போது எழுதும் ஹேண்ட்ஓவர் நோட்டு போதும். தினமும் ஏழெட்டு வரி ஆங்கிலத்தில் எழுதி, ஒவ்வொரு வரியிலும் நேரச் சொல்லின் கீழ் கோடு போடுங்கள். பிறகு வினையைப் பாருங்கள். ஒழுங்கற்ற வினைகள் ஆங்கிலத்தில் இருநூறு அளவுக்கு இருந்தாலும் உங்கள் நோட்டில் திரும்பத் திரும்ப வருபவை ஐம்பதுக்குள் அடங்கிவிடும்: கோ, வென்ட், கான், சீ, சா, சீன், பிரேக், புரோக், புரோக்கன், லீவ், லெஃப்ட், லெஃப்ட், பே, பெய்ட், பெய்ட்.

ஒரு மாதிரி:

'ரூம் 6 செக்ட் அவுட் அட் நைன். தே ஹேவ் லெஃப்ட் எ சார்ஜர். ஐ ஹேவ் கெப்ட் இட் இன் தி டிராயர். தி கீஸர் இன் ரூம் 4 ஹேஸ் பீன் லீக்கிங் ஸின்ஸ் திஸ் மார்னிங். தி ப்ளம்பர் கேம் அட் லெவன், பட் ஹி டிட் நாட் ஹேவ் தி பார்ட். ஹி இஸ் கமிங் பேக் டுமாரோ. ரூம் 11 ஆர் ஸ்டில் அவுட். வென் தே கம் பேக், கிவ் தெம் தி பில்.'

முதல் வரியில் மணி இருக்கிறது, பாஸ்ட். சார்ஜர் இன்னும் டிராயரில் இருக்கிறது, 'ஹேவ்'. கீஸர் காலையிலிருந்து ஒழுகிக்கொண்டே இருக்கிறது, 'ஹேஸ் பீன்'. பிளம்பர் பதினொன்றுக்கு வந்தது முடிந்த கதை. அவர் நாளை வருவது பேசி வைத்த ஏற்பாடு. கடைசி வரியில் 'வென்' இருப்பதால் 'வில்' இல்லை. நம்மில் பலர் இதை எழுதினால் கீஸர் வரிதான் 'இஸ் லீக்கிங் ஸின்ஸ் மார்னிங்' என்று போகும்; முதல் வாரம் அந்த ஒரு வரியை மட்டும் குறி வையுங்கள்.